நாமக்கட்டிப் பாறைக்கு மேற்கே

மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மலை ஏறப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது முட்டியையா, மண்டையையா? இதை என் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். அவர் பாட்டுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் இருபது சொச்சம் வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஒரு முடிவு எடுத்துவிட்டால் அப்புறம் அவருக்குக் காது கேட்காது.

மதுரை டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முட்டியிலும் எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். மாற்றிய பிறகு சம்மணம் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, மலை கிலை என்று ஏறவே கூடாது என்று வரிசையாகச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அதுக்கு முன்னால ஏறலாமா சார்?" என்று கேட்டார். டாக்டர் இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இவர் அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் மேற்கே வானத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான் மலை. அதிலிருந்து பிரிந்து வந்து வயற்காட்டுக்கு நடுவே தனியாக நிற்பதெல்லாம் கரடு. மலைக்குப் போக வனத்துறையிடம் அனுமதி கேட்க வேண்டும், புலி இருக்கிறது, யானை இருக்கிறது. கரட்டுக்கு யாரையும் கேட்க வேண்டாம். அங்கே யாரும் போவதும் இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள்கூடப் பாதியோடு திரும்பிவிடுவார்கள். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இப்படி நாலைந்து கரடுகள் வரும், போகும். ஒருவரும் தலை திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதில் ஒன்றுதான் இவருடைய கரடு. அடிவாரத்தில் இவருடைய சொந்த ஊர். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கொடிக்கு மேலே அது தெரியும். முன்னால் சின்ன முகடு, பின்னால் பெரிய முகடு. பெரிய முகட்டின் உச்சியில் கார்த்திகைக்கு விளக்கேற்றுவது இவர்கள் வகையறாவின் முறை. எண்ணெய்க் குடத்தையும் திரித் துணியையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓர் ஆள் ஏற வேண்டும். அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். அது ஏன் என்று நான் வந்த புதிதில் கேட்டதற்கு, "வீட்ல வெளக்கு ஏத்த ஆளு இருக்கவன்தாம்மா மலையில ஏத்தணும்" என்றார் என் மாமியார். மற்ற நாளில் யாரும் உச்சிக்குப் போகக் கூடாது, சாமி குத்தம். பெண்கள் எந்த நாளிலும் போகக் கூடாது. கண்மாய்க் கரையில் கூட்டமாக நின்று, மேலே நெருப்பு தெரிந்ததும் குலவை போடுவதோடு எங்கள் வேலை முடிந்தது.

நான் அப்படி நின்று குலவை போட்ட வருஷங்கள் நிறைய. ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும், இன்னொன்று சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே இவருடைய அண்ணன்மார் ஏற்றுவார்கள். இவருக்குக் கார்த்திகைக்கு லீவு கிடைக்காது. கோடையில் வருவார், சில வருஷம் பொங்கலுக்கு வருவார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமியார் படுக்கையில் கிடந்த மூன்று வருஷம், கிணற்றில் தண்ணீர் வற்றியது, ஓடு மாற்றியது எல்லாம் என் தலையில் விழுந்தது. அப்போதெல்லாம் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு குலவையோடு குலவையாக அழுதிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இவர் பட்டாளத்தை விட்டு வருவதற்குள்ளேயே இவருடைய மூத்த அண்ணன், என் பெரிய அத்தான், இறந்துபோனார்; அதோடு அந்த முறையும் நின்றது. அடுத்தவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். இப்போது ஊரில் இருக்கும் இவருடைய பெரியப்பா மகன் அடிவாரத்து அய்யனார் வாசலிலேயே ஒரு சட்டியை வைத்து ஏற்றிவிடுகிறார். இவர் கரடு ஏறப் போவதாகப் போனில் சொன்னபோது, "மேல என்ன இருக்குன்னு போற? ஒண்ணும் இல்லப்பா, பேசாம இரு" என்றாராம். சோம்பேறிப் பயல் என்று இவர் திட்டிக்கொண்டு போனை வைத்தார். இவர் இப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் செக்யூரிட்டி. அங்கே கேட்டில் நிற்கிறவர்கள், பஸ் டிரைவர்கள், வீட்டுக்கு வரும் பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் எல்லோருக்கும் இந்தக் கரட்டுக் கதை பாடம். எண்ணெய்க் குடம் எப்படித் தோளை அறுக்கும், உச்சியில் காற்று எப்படித் திரியை அணைக்கப் பார்க்கும், விளக்குக் குழியில் கை விட்டால் எப்படிக் கரி ஒட்டும் என்று அவர் சொல்லிக் கேட்டால், முந்தாநாள் ஏறி இறங்கியவர் மாதிரி இருக்கும்.

நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று நின்றபடியே பார்க்க வேண்டும். ஆறு நாள் நின்ற காலுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நீட்டிப் படுக்கும் நாள். அந்த ஞாயிறுகளையும் இவர் ஒத்திகை என்று பறித்துக்கொண்டார். பெரிய கரட்டுக்கு முன்னால் முட்டியைப் பழக்க வேண்டுமாம். பெயர்கூட இல்லாத இரண்டு மூன்று குட்டிக் கரடுகளில் ஏறி இறங்கினோம். உச்சிக்குப் போனால் முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்தான். திங்கட்கிழமை மேஜை முன்னால் நிற்கும்போது என் கண் துணியில் இருக்கும், மனசு ஒரு பாயைத் தேடும்.

தனியாக விட்டால் எங்காவது விழுந்து கிடப்பார். அந்த ஒரு பயத்தில்தான் நானும் கூடப் போனேன். ஆசையாகப் போனேன் என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

விடிந்ததும் கிளம்பினோம். வண்டியைக் கண்மாய்க் கரையில் உடைமர நிழலில் நிறுத்தினார். பையில் தயிர்ச்சோறு, மோர்மிளகாய், இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர், கம்பெனியில் வாங்கிய சுருள் பேண்டேஜ் நாலு. பையை யார் சுமப்பது என்று பேச்சே இல்லை. அவர் கையில் ஒரு மூங்கில் கம்பு மட்டும். கரட்டுக்குப் பின்பக்கம் கல் குவாரி ஓடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ரோட்டில் லாரிகள் போகும்போது பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கத்து அடிவாரத்தில் எங்கோ தோண்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் சத்தம் ஒன்றும் இல்லை, மயில் மட்டும் எங்கோ அகவிக்கொண்டிருந்தது.

பாதை என்று ஒன்று முன்பு இருந்திருக்கும். இப்போது சூரை முள் அதை மூடியிருந்தது. ஒரு முள்ளிலிருந்து சேலையை எடுத்தால் அடுத்தது பிடிக்கும். முள்ளுக்கு மேலே சரளை. ஓரடி வைத்தால் அரையடி வழுக்கி வரும். அவர் கம்பை ஊன்றி, இடது காலை முன்னால் வைத்து, வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்ப்பார். பிறகு மூச்சு விடுவார். மறுபடியும் இடது கால். செத்த நேரத்துக்கு ஒரு தரம் "ஹால்ட்" என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டு நிற்பார்.

"இப்பிடியே திரும்பிருவோமா?" என்று முதல் ஹால்ட்டிலேயே கேட்டேன்.

"எதுக்கு? நல்லாத்தான இருக்கேன்."

"ஒங்க மொகம் சொல்லுது நல்லா இருக்கத."

"மொகத்தப் பாக்காத. முன்னால பாத்து நட."

முன்னால் பார்த்தால் பாறையும் வெயிலும்தான். மாசி வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. கள்ளிச்செடி ஓரமாகப் போனால் கையில் பால் ஒட்டும், நடுவில் போனால் சரளை. எனக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குதிகால் நரம்பு சுண்டி இழுத்தது. இவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு காலத்தில் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி இறங்கி வந்த முதுகு அது. நான் அதைப் பெரும்பாலும் போகிற முதுகாகத்தான் பார்த்திருக்கிறேன். ரயில் கிளம்பும்போது கடைசியாகத் தெரிவது அதுதான்.

சின்ன முகட்டின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் பையை இறக்கிப் போட்டேன். அங்கே ஒன்றும் கிடையாது. ஒரு தட்டைப் பாறை, மயில் எச்சம், எங்கிருந்தோ வந்து விழுந்து கிழிந்த பட்டம் ஒன்று. கிழக்கே மில் கூரைகள், ரயில் ரோடு, தென்னந்தோப்புகள். வடக்கே தூசிக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. மேற்கே பெரிய முகடு. வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சின்ன முகட்டுக்கும் பெரிய முகட்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம்போலத் தெரியும். பக்கத்தில் வந்து பார்த்தால் அது ஆள் உயரப் பாறைகள் தாறுமாறாகக் கிடக்கும் ஒரு கிடங்கு. அதில் இறங்கி மறுபடியும் ஏற வேண்டும்.

தயிர்ச்சோறு தின்றோம். அவர் பாதியோடு மூடி வைத்துவிட்டு எழுந்து பள்ளத்தில் இறங்கப் போனார். மூன்றாவது பாறையில் காலை வைத்தவர், அப்படியே கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன். வலது முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. வேட்டியை விலக்கி, பேண்டேஜைச் சுற்றி இறுக்கினேன். அதைத் தொட்டாலே அவர் உடம்பு குலுங்கியது. தோளில் கை கொடுத்து அவரைத் திரும்ப உச்சிக்கு ஏற்றி, தட்டைப் பாறையில் காலை நீட்டி உட்காரவைத்தேன்.

"போதும். செத்த நேரம் இருந்துட்டு எறங்குவோம்" என்றேன்.

அவர் பெரிய முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நான் ஏறுனதே இல்லட்டி."

"எதுல?"

"இதுலதான். ஒரு தடவகூட ஏறுனதில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. கார்த்திகைக்கு இவர் ஊரில் இருந்ததில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் சின்ன வயதில் அப்பாவோடோ அண்ணன்மாரோடோ திருட்டுத்தனமாகவாவது ஏறியிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லாவிட்டால் அந்தக் காற்று, கரி, எண்ணெய்க் குடம் எல்லாம் எங்கிருந்து வந்தது?

"அண்ணன் சொல்லுததக் கேட்டு வச்சுக்கிட்டு அப்பிடியே சொல்லுவேன். மேல பார்டர் போஸ்ட்ல பனிக்குள்ள கெடக்கும்போது ஒவ்வொருத்தனும் அவன் ஊரப் பத்தி சொல்லுவான். நான் இதச் சொன்னேன். நான்தான் வருஷா வருஷம் ஏத்துவேன்னு சொல்லிட்டேன். ஒருக்கா சொல்லிட்டா பொறவு மாத்த முடியுமா? எல்லாப் பயலும் நம்பிட்டான். இங்க வந்து காலேஜ்லயும் அதத்தான் சொல்லிருக்கேன்." கம்பைப் பாறையில் தட்டினார். "இன்னிக்கு ஏறிட்டா அது பொய்யில்லன்னு ஆயிரும்னு நெனச்சேன். இனிமே எங்க ஏற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்? பனிக்குள் கிடந்தவர் ஊரைப் பற்றிச் சொல்ல ஒரு கதை வேண்டும் என்றால், கண்மாய்க் கரையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே. வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிக்கொண்டேன். அந்த முகத்தில் வலியைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயது ஆளை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றேன்.

"பொம்பள ஏறக் கூடாதுட்டி."

"மத்த நாளுல ஆம்பளையும்தான் ஏறக் கூடாது. பாதி குத்தம் பண்ணியாச்சு, மீதியையும் பண்ணிட்டு வாரேன்."

அவருக்கு ஒரு சிரிப்பு வந்து போனது. ஒரு பாட்டில் தண்ணீரை அவரிடம் வைத்துவிட்டு, ஈரத் துண்டை அவர் தலையில் போட்டுவிட்டு இறங்கினேன்.

அந்தக் கிடங்கை நான் எப்படித் தாண்டினேன் என்று இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது. சில பாறைகளில் உட்கார்ந்து சரிந்தேன், சிலதில் நாலு காலில் போனேன். பார்க்க ஆளில்லாத இடத்தில் மானம் ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஏற்றம் நெட்டுக்குத்தாக இருந்தது. பாறையில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. நாலு அடி ஏறுவது, நிற்பது, ஏன் வந்தோம் என்று நினைப்பது, மறுபடியும் நாலு அடி. எண்ணெய்க் குடத்தோடு இதில் ஏறினார்களா? பெரிய அத்தானை உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் நான் மெச்சியதில்லை. அங்கே வைத்து மெச்சினேன்.

உச்சிக்கு வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. சத்தியமாக நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். படுத்துவிட்டால் தூங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது. போன் அடித்தது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"காத்து அடிக்குதா?"

"ஆளையே தூக்குது."

"அப்பிடித்தான் சொல்லுவாவ. அங்க நாமக்கட்டி கணக்கா ஒரு பாறை நிக்கும். பாரு."

எழுந்து பார்த்தேன். இருந்தது. மேலே கூர்ந்து, கீழே அகன்று, வெளுப்பாக என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. இருக்கிறது என்று சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது, வேகமாகப் பேச ஆரம்பித்தார்.

"அதுல முதுகக் குடுத்து நின்னுக்கோ. மேற்க பாத்து நேரா நாலு எட்டு வையி. தரையோட தரையா ஒரு குழி இருக்கும், உரல் கணக்கா. உள்ள கன்னங்கரேர்னு இருக்கும். கை விட்டுப் பாரு, கரி ஒட்டும்."

பாறையில் முதுகைக் கொடுத்து நின்றேன். ஒரு எட்டு வைத்தேன். அடுத்த எட்டுக்குக் காலைத் தூக்கினேன். அதை வைக்கவில்லை.

அதற்கு மேல் கரடு இல்லை. கத்தியால் கேக்கை வெட்டின மாதிரி நேராக இறங்கியிருந்தது. கீழே, எவ்வளவோ கீழே, ஒரு பச்சைத் தண்ணீர்க் குட்டை. அதன் கரையில் மஞ்சள் நிறத்தில் இரண்டு மெஷின்கள் வேலையில்லாமல் நின்றன. லாரி போகும் தடம் வளைந்து வளைந்து போனது. பாறை முகத்தில் வரிசையாகத் துளை போட்ட கோடுகள். வெள்ளைப் பெயிண்டில் ஏதோ நம்பர் எழுதியிருந்தது, அதில் பாதியும் வெட்டோடு போய்விட்டது. வீட்டு மாடியிலிருந்து முழுசாகத் தெரியும் கரட்டுக்கு முதுகே இல்லை. நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டு பார்த்தது எல்லாம் முகத்தை மட்டும்தான்.

"என்னட்டி, ஆம்புட்டுச்சா?"

இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் இனி இங்கே வரப்போவதில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? கரி ஒட்டியது என்றும் சேர்த்துச் சொன்னால் மனுஷன் சந்தோஷமாக ஆபரேஷனுக்குப் போவார். பெரியப்பா மகன் ஏன் போகாதே என்று சொன்னார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் ஒரு பொய்யைத் தீர்க்க வந்த இடத்தில் நான் இன்னொரு பொய்யை வைத்துவிட்டு வருவதா? அது என்னால் முடியவில்லை.

"இல்லங்க" என்றேன். "குழி இல்ல. அந்தப் பக்கம் கரடே இல்ல. குவாரிக்காரன் வெட்டி எடுத்துட்டான். நாமக்கட்டிப் பாறைக்கு அங்கிட்டு வெறும் காத்துதான் இருக்கு."

"நீ எங்க நிக்க?"

"பாறை பக்கத்துலதான்."

"விளிம்புலயா? பின்னால வா. வந்துட்டியா? உக்காரு. மொதல்ல உக்காரு. உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

போனைக் காதில் வைத்தபடியே திரும்பி, கிழக்கே பார்த்தேன். கீழே சின்ன முகட்டில் காலை நீட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை தூரத்தில் முகம் தெரியாது. ஆனாலும் அவர் இந்தப் பக்கமே பார்க்கிறார் என்று தெரிந்தது.

எனக்கு அந்தக் குழி மேல் பக்தி எல்லாம் கிடையாது. பெண்ணை ஏறவிடாத சாமியோடு எனக்கு என்ன ஒட்டு? ஆனால் அங்கே உட்கார்ந்து அழுதேன். ஒரு தீபத்தைக் கீழே நின்று பார்த்துப் பார்த்து, இந்த நெருப்பு எங்கோ பனிக்குள் இருக்கிறவருக்கும் தெரியும் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்துக்கொண்ட வருஷங்கள் அந்த இடத்தில்தான் இருந்தன. அதை யாரோ லாரியில் ஏற்றி, எந்த ஊர் ரோட்டிலோ ஜல்லியாகக் கொட்டிவிட்டார்கள். அவ்வளவு தூரம் ஏறி வந்து இதைப் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தது.

இறங்கி அவரிடம் வந்து சேர வெகுநேரம் ஆனது. என்ன ஆறுதல் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பாறையில் சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. மீதி இருந்த பேண்டேஜை எடுத்து, பட்டாளத்துக்காரர் கட்டுகிற மாதிரி ஒழுங்காகச் சுற்றிவிட்டார்.

அங்கிருந்து கீழே போனதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. பாதி வழி அவர் உட்கார்ந்தே இறங்கினார். பின்பக்கத்தைத் தேய்த்து, கைகளை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக. நான் முன்னால் போய் அவர் கால் வைக்கும் கல் ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்வேன். நடுநடுவே அவர் கேட்டுக்கொண்டு வந்தார். நெட்டுக்குத்தாக இருக்கிற இடத்தில் பிடிக்க ஏதாவது உண்டா? காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது? அங்கேயிருந்து பார்த்தால் நம் ஊர்க் கண்மாய் தெரிகிறதா? நான் களைப்பில் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொன்னேன். புதுச் சரக்கு சேர்க்கிறார், காலேஜ் கேட்டில் இனி இதையும் சேர்த்து அளந்துவிடுவார் என்று நினைத்தேன். நினைத்ததும் மனசு கசந்துபோனது. சண்டை போடத் தெம்பில்லை. வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். அவர் பின்னால் காலை நீட்ட முடியாமல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். கம்பெனி மேஜையில் துணி ஓடியது. கையில் இருந்த கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டவர்களிடம் கதவு இடுக்கு என்று சொன்னேன்.

அந்த வாரமே மதுரையில் அட்மிட் ஆனோம். மூன்று கட்டில் போட்ட அறை. ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம், பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்த தேனிக்காரப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். என்ன முட்டி, எத்தனை வருஷமாக, எந்த ஊர் என்று வரிசையாகக் கேட்டார்.

"இராஜபாளையம். சொந்த ஊரு பக்கத்துல ஒரு கரட்டு அடிவாரம்" என்று இவர் ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், இனிமேல் கதை வரும். எண்ணெய்க் குடம், தோள், காற்று, கரி, எல்லாம் அதே வரிசையில் வரும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் டம்ளர்களை அடுக்கினேன்.

"அந்தக் கரட்டு உச்சியில கார்த்திகைக்கு வெளக்கு ஏத்துவோம். நெட்டுக்குத்தா இருக்கும், பிடிக்க ஒண்ணும் கெடையாது. காத்து ஆளையே தூக்கும். என் வீட்டுக்காரி ஏறியிருக்கா."

"பட்டாளத்துக்காரரு, நீங்க ஏறாமயா இருப்பீங்க?" என்றார் பெரியவர்.

"நான் ஏறுனது இல்ல." மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். "கல்யாணம் ஆனவனத்தான் ஏறவிடுவாவ. கல்யாணம் ஆன பொறவு நான் ஊர்ல இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃப்ளாஸ்க் நிறைய வெந்நீர் இருந்தது. ஆனாலும் வெந்நீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.